வால்வுக்காரரின் ஒத்தையும் ரெட்டையும்

கள்ளக்குறிச்சியில் ‘வால்வு’க்குக் காதைக் கொடுக்காமல் தப்பித்தவர் ஒருவரும் இல்லை.

சங்கராபுரம் சாலையில் என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்தது அவர் கடை. எரிந்துபோன பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுவது தொழில். மனசெல்லாம், பழைய ரேடியோக்களுக்குள் சிவப்பாக எரியுமே, அந்தக் கண்ணாடி வால்வுகளில்; பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். அவற்றை வைத்து ஹெட்போனில் பாட்டுக் கேட்க ஆம்ப்ளிஃபயர் செய்வார். அப்படி இரண்டு செய்து வைத்திருந்தார். ஒன்றின் பெயர் ஒத்தை, மற்றது ரெட்டை.

என்ன வித்தியாசம் என்று தெரியாமல் கேட்டுவிட்டேன்.

“ஒத்தையில ரெண்டு காதுக்கும் திரும்பி வர்ற கம்பி ஒண்ணுதான். ரெட்டையில ஒவ்வொரு காதுக்கும் தனியா ரெண்டு. ஒண்ணு தள்ளும், ஒண்ணு இழுக்கும். நடுவுல எரைச்சல் பூந்தா ரெண்டுலயும் ஒரே மாதிரி பூரும். ஒண்ண ஒண்ணு அடிச்சிக்கினு போயிடும்.”

எது உசத்தி என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். தபால்காரர், எதிர்க்கடை டெய்லர், என்னிடம் ஆதார் நகல் எடுக்க வந்தவர்கள் என எல்லார் தலையிலும் ஹெட்போன் ஏறியது. வடக்கனந்தலிலிருந்து வந்த விவசாயி ஒருவர் ஒத்தையைக் கேட்டு முகம் மலர்ந்து, தன் மோட்டார் நன்றாக ஓடுகிறது என்றார். அவர் கேட்டது கரண்டின் ‘ம்ம்ம்’. வால்வு அன்று மதியம் சாப்பிடவில்லை. நானோ எப்போது மாட்டிவிட்டாலும், ரெண்டும் நல்லா இருக்கு என்று சொல்லி நழுவிவிடுவேன்.

ரெட்டையில் வால்வுகள் ஜாஸ்தி, சூடும் ஜாஸ்தி. சித்திரை வெயிலில் இரண்டும் வீட்டில் எரிந்ததைப் பார்த்த அவர் மனைவி, ஒன்றுதான் இருக்கலாம், மற்றதைப் பிரித்துப் போடு என்று சொல்லிவிட்டார். வால்வு ஒரு வாரம் தவித்தார். பக்கத்தில் அரிசி ஆலை, கடை நிறைய மோட்டார். இந்த அழுக்குக் கரண்டில் ஒத்தைக்கு நியாயம் கிடைக்காது, வெள்ளிமலைக்குப் போய் பேட்டரியில் போட்டுக் கேட்டால்தான் தீர்ப்பு என்றார். துணைக்கு நான்.

பஸ்ஸில் ஆளுக்கொரு பெட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வால்வு பெட்டியோடு எதிர்ப்பக்கம் சாய்ந்தார். தினை மூட்டையோடு வந்த ஓர் அம்மா, உள்ளே கோழியா என்று விசாரித்தார். வால்வு விளக்க ஆரம்பித்தார். அந்த அம்மா வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

வெள்ளிமலையில் ஒரு பலா மரத்தடியில் கடை பரப்பினோம். போட்டது, அவர் கல்யாணத்தில் பதிவு செய்த நாதஸ்வரம். பேட்டரியில் ஒத்தையிலும் இரைச்சல் இல்லை. முதல்முறையாக நான் உண்மையாகவே கேட்டேன். ரெட்டையில் வாசிப்பவர்கள் தாராளமாக இடம்விட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒத்தையில் எல்லாரும் நெருங்கி வந்தார்கள். தவிலுக்குப் பின்னால் ஒரு பெண் சிரிப்பதுகூடக் கேட்டது. அதைச் சொன்னேன்.

“எந்தப் பக்கம்?” என்றார்.

“எடது பக்கம்ணா.”

அவர் ஹெட்போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“அது எங்கூட்டுக்காரிதான். நான் அதக் கேட்டு ஒரு வருசம் ஆவுது. எடது காது போயிடுச்சி, ஜெராக்ஸு. அவகிட்டகூடச் சொல்லல. ஒத்தக் காத வச்சிக்கினு எது ஒசத்தின்னு நான் இன்னா சொல்றது?”

ஊரையே நிறுத்தி நிறுத்திக் கேட்டது இதற்குத்தானா? நான் நழுவிய நாட்களை நினைத்துக் கூசிப்போனேன். ஹெட்போனைத் திருப்பி மாட்டிப் பாருங்கள் என்றேன். இடது இடதில்தான் இருக்க வேண்டும், மாற்றிப் போடுவது முறையில்லை என்றார். நானே பிடுங்கி, திருப்பி மாட்டினேன்.

சிரிப்பு வந்த இடத்தில், வால்யூமைத் திருகிய அவர் கை அப்படியே நின்றுவிட்டது. மூன்று முறை கேட்டார். பிறகு ரெட்டையில் ஒருமுறை.

“இதுலயும் கேக்குது,” என்றார். “ஆனா எட்ட நின்னுகினு சிரிக்கிறா.”

ஒத்தை வீட்டில் இருப்பது என்று முடிவாயிற்று. காது விஷயத்தை மனைவியிடம் சொல்லிவிடுவதாகவும் ஒப்புக்கொண்டார்.

மாலை பஸ்ஸில் அவரை இடப்பக்க ஜன்னலோரம் உட்காரவைத்து, அவருக்கு வலப்பக்கம் நான் உட்கார்ந்தேன். கள்ளக்குறிச்சி வரும்வரை பேசிக்கொண்டே வந்தோம்.