எலும்பொட்டி டாக்டரும் சேவலும்

கான்ககீ என்ற சதுப்பு நிலத்து ஊர்களில் காய்ச்சலைவிட வேகமாகப் பரவியது டாக்டர் லூசியஸ் பீபியின் புகழ். ஒடிந்த எலும்பைக் கண்ணெதிரே ஒட்டவைக்கிறாராம்! எதைக்கொண்டு? எலும்பொட்டிப் பூண்டைக்கொண்டு. வெள்ளைப் பூவும், தண்டைச் சுற்றி ஒன்றோடொன்று ஒட்டிய ஜோடி இலையுமாக ஓடைக்கு ஓடை முளைத்துக் கிடக்கும் அதே செடி. இலையோடு இலை ஒட்டியிருப்பதால் எலும்போடு எலும்பும் ஒட்டுமாம். இந்தக் கணக்குப்படி முட்டைக்கோஸ் தின்றவனுக்குத் தலை பெருத்திருக்க வேண்டும்!

ஓர்ஃபா அந்தச் செடியை வளர்ப்பவள். வசந்தத்தில் வேரைப் பிரித்து வாய்க்கால் சேற்றில் நடுவாள். பூக்கும்போது அறுத்துப் பரணில் உலர்த்துவாள். காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்தால் முகம் கோணும், வியர்த்துக் கொட்டும். அளவு மீறினால் வாந்தி. அவ்வளவுதான் அதன் மகிமை.

அவள் கணவன் ஹைரம் வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டிருந்தான். ஊர் வைத்தியர் எலும்பு அசையாதிருக்க மரச் சிம்பு வைத்துக் கட்டியிருந்தார். "மரக்கட்டை இருந்தா மூலிகைச் சாறு எலும்புக்கு எறங்காது" என்று பீபி அறிவித்ததிலிருந்து ஹைரமுக்கு அந்தக் கட்டு கசந்தது. வண்டியில் படுத்தபடியே சந்தைத் திடலுக்கு வந்துவிட்டான்.

மேடையில் பீபி ஒரு சேவலைத் தூக்கினார். அதன் கால் அவருடைய நீளக் கோட்டின் கைக்குள் மறைந்தது. மடக்! கூட்டம் உச்சுக் கொட்டியது. இலையைச் சுற்றினார், முணுமுணுத்தார், அவிழ்த்தார். சேவல் வீறுநடை போட்டது. பெண்கள் அழுதார்கள். சேவல் அழவில்லை, அதற்கு விஷயம் தெரியும்.

"பாத்தியாடி? கத்தியக் குடு, கட்ட அறுத்துடறேன்" என்றான் ஹைரம்.

ஓர்ஃபாவுக்குத் தெரியும், எலும்பு விலகினால் ஆயுளுக்கும் நொண்டி. செடி அறுக்கும் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறுங்க. அந்த ஆளை ஒண்ணு கேட்டுட்டு வரேன்."

மேடையருகே போய் நின்றாள். "டாக்டரே, இன்னொரு தடவை செய்யுங்க. கோட்டைக் கழட்டிட்டு."

"குளிருது தாயி."

"ஆகஸ்ட் மாச வெயில்லயா?" என்றான் கொல்லன் ஓபெட்.

"நம்பிக்கை இல்லாதவங்க முன்னால மூலிகை வேலை செய்யாது!"

"அப்ப சேவல் நம்புச்சாக்கும்?" என்றாள் ஓர்ஃபா.

கூட்டம் சிரித்துவிட்டது. ஓபெட் மேடையேறிக் கோட்டைப் பிடித்து உலுக்கினான். கைக்குள்ளிருந்து காய்ந்த குச்சிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. ஓர்ஃபா ஒன்றை எடுத்து ஒடித்தாள். மடக்! அதே சத்தம்.

"எலும்பொட்டித் தண்டேதான். எங்க, மொதல்ல இதை ஒட்டிக் காட்டுங்க பாக்கலாம்!"

பீபி காட்டவில்லை, ஓடினார். ஹைரம் தன் கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டான். இலையுதிர்காலத்தில் நேராக நடந்தான், அந்தச் சிம்பின் புண்ணியத்தில்.

அன்று கூட்டம் கலைந்தபின், மாவுமில்காரர் மனைவி மட்டும் குனிந்து குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கம்மா?" என்றாள் ஓர்ஃபா.

"என்ன இருந்தாலும் டாக்டர் கைபட்டதாச்சே!"

"கைபட்டதைப் பொறுக்கறீங்களே, கண்ணுல பட்டதைக் கொஞ்சம் யோசிக்கக் கூடாதா?"