அசையாத முப்பத்தேழரை

மரியாதைக்குரிய அத்தானுக்கு, உங்கள் மைத்துனன் எழுதுவது. இங்கே வீட்டில் எல்லாரும் சௌக்கியம். அங்கே நீங்களும் அக்காவும் அறுநூறு முட்டைகளும் அவ்வாறே இருக்க வேண்டும். போனில் பேசினால் அக்கா பாதியில் பிடுங்கி, நான் மாட்டிய காலிங்பெல் கதையை ஆரம்பித்துவிடுவாள். அதனால்தான் கடிதம்.

குஞ்சு பொரிக்கும் பெட்டி தயார். இந்தக் கடிதத்தோடு இன்றைக்கே வேனில் வருகிறது. நேற்று நான் சொன்னதும் பழைய பெட்டியைக் கழற்றிப் போட்டீர்களாமே, சபாஷ்! "வேணாங்க, அவனை நம்பாதீங்க"ன்னு அக்கா தடுத்தாளாம். அடைவைக்காமல் வாரம் தாண்டினால் முட்டை வீணாகிவிடும் என்ற கவலை அவளுக்கு. என் வேலை அவளுக்கு என்ன தெரியும்?

பெட்டிக்குள் வெப்பம் பார்க்க ஒரு சென்சார், ஈரம் பார்க்க ஒன்று, விசிறிக்கு ஒரு சிப், விளக்குக்கு ஒன்று, எல்லாம் இரண்டே கம்பியில் தொங்குகின்றன. அந்தக் கம்பிக்கு பஸ் என்று பெயர், தொங்குபவை அடிமைக் கருவிகள். முகவரி சொல்லிக் கூப்பிட்டால்தான் பதில், தானாக வாய் திறக்காது, அக்கா முன்னால் நீங்கள் இருப்பீர்களே, அப்படி. ஆகவே எந்த முகவரியில் யார் என்று நான் ஒரு ஃபைலில் எழுதிவைக்க வேண்டும், ஆபரேட்டிங் சிஸ்டம் அதை மட்டுமே நம்பும், நேரில் எட்டிப் பார்க்காது. கையேட்டில் இருந்த முகவரியை எழுதினேன், ஈர சென்சார் மூச்சுவிடவில்லை, கடைசியில் பார்த்தால் கையேடு எழுதிய புண்ணியவான் முகவரியை இரண்டால் பெருக்கிப் போட்டிருக்கிறான். பாதியாக்கினேன், பேசியது. விசிறியின் முகவரியில் விளக்கை எழுதித் தொலைத்தேன், விசிறியைப் போட்டால் விளக்கு எரிந்தது, அதையும் சரிபண்ணிட்டேன். வெப்ப சென்சார் வரப் பத்து நாள் தாமதம், வேலை நிக்கக்கூடாதுன்னு எங்க வழக்கப்படி ஃபைல்ல ஒரு பொம்மை சென்சாரை எழுதிவெச்சு ஓட்டினேன். எப்போ கேட்டாலும் முப்பத்தேழரை டிகிரின்னு சொல்லும், பாவம், அதுக்கு வேற ஒண்ணும் தெரியாது.

இப்போது பாருங்கள், மூன்று நாளாக முட்டை பொரிய வேண்டிய அதே முப்பத்தேழரை, அசையவில்லை! கதவைத் திறந்துபோட்டுவிட்டு டீ குடித்து வந்தேன், அப்போதும் அதே. எங்கள் கம்பெனி முதலாளியே "என்னய்யா இது, கல்லு மாதிரி நிக்குது!"ன்னு அசந்துட்டார். கண்ணை மூடிக்கொண்டு முட்டைகளை அடுக்குங்கள்.

அக்காவுக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு ஆசி, பிறக்கப்போகும் அறுநூறுக்கும் சேர்த்து.

இப்படிக்கு,
உங்கள் நம்பிக்கைக்குரிய மைத்துனன்

பி.கு.: வேன் கிளம்பும்போது சால்டரிங் செய்யும் அம்மா கையில் எதையோ தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "சார், வெப்ப சென்சார் என் மேஜையிலேயே கிடக்குது. பத்த வைக்கக் கொடுக்கவே இல்லையே நீங்க?" பெட்டியை இறக்கிவிட்டேன், கடிதம் மட்டும் வேனில் வருகிறது. மூன்று நாளாகப் பேசியது பொம்மை. சபாஷைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பழைய பெட்டியை உடனே மாட்டுங்கள், அத்தான், உங்கள் காலில் விழுகிறேன். அக்கா சொன்னதுதான் சரி. இந்த ஒரு வரியை மட்டும் கிழித்துவிட்டு அவளிடம் கொடுங்கள்.