மோசம் அண்ணன் ஓடி வருகிறார்

தமிழ் சினிமாவில் செத்தவர்களில் பாதிப் பேர் எங்கள் மோசம் அண்ணன் ஓடி வந்து சொன்ன பிறகுதான் செத்தார்கள். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது.

பண்ணையார் சாய்வு நாற்காலியில் படுத்திருப்பார். தூரத்தில் ஒரு ஆள் துண்டு நழுவ ஓடி வருவார். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, "ஐயா! மோசம் போயிட்டோமுங்கய்யா!" என்பார். அந்த ஆள்தான் இவர். பண்ணையாராக நடித்தவர் வேறு, இடிந்துபோன மில் வேறு, ஆற்றில் குதித்த மகள் வேறு. செய்தி கொண்டுவந்தவர் மட்டும் எல்லாப் படத்திலும் ஒரே ஆள். சேலத்தில் ஸ்டுடியோ ஓடிக்கொண்டிருந்த காலத்தில் உள்ளே போனவர், கோடம்பாக்கம் வரைக்கும் ஓடினார். பெற்றவர்கள் என்ன பேர் வைத்தார்களோ, சங்ககிரியில் எங்கள் தெருவுக்கு அவர் மோசம் அண்ணன்.

பக்கத்து வீட்டுக்காரன் என்கிற பாவத்துக்கு அவருடைய நடிப்புக்கலை முழுவதையும் நான் காதால் வாங்கியிருக்கிறேன். வலது கால் செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட வேண்டும். துண்டு தோளிலிருந்து வழிந்து முழங்கையில் வந்து நிற்க வேண்டும், கீழே விழக் கூடாது. நிலைப்படியைப் பிடித்ததும் மூன்று மூச்சு.

"மூணு மூச்சுங்க சாமி. ரெண்டோட நிறுத்துனா சனம் அழுகத் தயாராகறதில்ல. நாலு போச்சுன்னா எந்திரிச்சு பீடி குடிக்கப் போயிருவாங்க."

இந்த மூன்று மூச்சுக்கு விருது கொடுக்காத அரசாங்கங்கள் மேல் அவருக்குத் தனித்தனியாகக் கோபம் உண்டு.

சினிமாவில் ஓடினால் போகட்டும். மனுஷன் ஊரிலும் அதே மூஞ்சியோடுதான் நடமாடினார். ஒரு நாள் காலையில் உறை மோர் கேட்டு ரிட்டையர்டு வாத்தியார் வீட்டு நிலைப்படியைப் பிடித்து நின்றார். முதல் மூச்சிலேயே வாத்தியார் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறான். மோர்தான் கேட்க வந்தார் என்று தெரிந்தபோது வாத்தியாருக்குப் பிரஷர் மாத்திரை போட வேண்டியிருந்தது. இன்னொரு வீட்டில் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியதை, முந்திக்கொண்டு ஓடிப் போய்ச் சொன்னார். சம்பந்தம் முறிந்துவிட்டதென்று நினைத்த பெண்ணின் அப்பா, மாப்பிள்ளை வீட்டாரை அழுத கண்ணோடு வரவேற்றார். அதற்கப்புறம் தெருவில் எந்த விசேஷம் என்றாலும் அவரை நேராகப் பந்தியில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவார்கள். சாப்பிடும் வாய் ஓடி வந்து எதுவும் சொல்லாதல்லவா!

அவருக்கும் ஒரு ஆசை இருந்தது. ஒரே ஒரு நல்ல செய்தி. ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்துகொண்டு வந்து, "ஆம்பளப் புள்ள பொறந்திருக்குதுங்க" என்று ஒரு படத்திலாவது சொல்ல வேண்டும். ஒரு டைரக்டரிடம் கேட்டே விட்டார். அந்த ஆள் சிரித்தாராம். "நீ வந்து குழந்தை பிறந்துச்சுன்னு சொன்னா, அப்ப தாய் செத்துட்டாளான்னு தியேட்டர்ல கேப்பாங்கய்யா."

இதை என்னிடம் சொல்லும்போதும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

அப்புறம் செல்போன் வந்தது. படத்தில் பண்ணையார் பாக்கெட்டில் மணியடித்தது, அவரே எடுத்துக் கேட்டு அவரே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஓடி வர ஆள் தேவைப்படவில்லை. "எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்ட டப்பா அது" என்று சபதம் செய்துவிட்டு மோசம் அண்ணன் இன்றுவரை போனில் பேசுவதில்லை.

எதிர் வீட்டுப் பாவாயி அக்காவுக்கு ஒரே பையன், குமரேசன். லாரி டிரைவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனவனுடைய போன் அணைந்துவிட்டது. அந்தப் பக்கம் பேய் மழை, மலைச் சரிவு என்று டிவியில் காட்டினார்கள். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். அக்கா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. லாரியின் ஆபீஸ் சேலம் சூரமங்கலத்தில் இருந்தது. நான் மணிக்கொரு தடவை போன் போட்டேன். "ஒரு தகவலும் இல்லீங்க" என்பார்கள். இரண்டு நாள் அதையே கேட்ட பிறகு, போன் போடவே பயமாகி விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காலையிலிருந்து மோசம் அண்ணனைக் காணோம். நல்லதாப் போச்சு, இந்த நேரத்தில் அந்த மூஞ்சி வாசலில் நிற்காமல் இருந்தாலே புண்ணியம் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் மூன்று மணி. அக்கா வீட்டில் தெருவே உட்கார்ந்திருக்கிறது. தெரு முக்கில் அவர் தெரிந்தார். ஓடி வருகிறார். வலது கால் செருப்பு இல்லை. துண்டு முழங்கையில்.

"ஐயோ, மோசம் வருதே!" என்று யாரோ கத்தினார்கள். பாவாயி அக்கா வாசற்படியிலேயே சரிந்தாள்.

நிலைப்படியைப் பிடித்தார். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு.

"சொல்லித் தொலைங்கண்ணா!" என்று நான் கத்தினேன்.

மூன்றாவது மூச்சையும் எடுத்தார் அந்த மகானுபாவர். "பாவாயீ! உன்ற பையன்... நல்லா இருக்கான் தாயி!"

சொன்னதென்னவோ நல்ல வசனம். குரல் மட்டும் பழைய குரல். பெண்கள் ஒட்டுமொத்தமாக ஒப்பாரியில் இறங்கினார்கள்.

"நல்லா இருக்கான்னு சொல்றனில்ல! ஏனழுகறீங்க?" என்று அவரும் அழுதார். அவர் சொல்லச் சொல்ல ஒப்பாரி ஏறியது. கடைசியில் நான் ஆபீஸுக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஆமாங்க, ரோடு சரிஞ்சு நடுவுல மாட்டிக்கிட்டான். போன் தண்ணியில போயிருச்சாமா. வண்டிக் கதவுல எழுதியிருக்கற நம்பரப் பாத்து, அடுத்தவன் போன்ல எங்களக் கூப்புட்டான். ஒன்றரை மணிக்கே உங்க பெரியவர்கிட்டச் சொல்லிட்டமே! நாங்க போன் பண்றோம்னோம். வேண்டாம், நானே நேர்ல போய்ச் சொல்றேன்னு பஸ் ஏறிட்டாருங்க."

காலையிலிருந்து ஆபீஸ் பெஞ்சில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அவரும் உட்கார்ந்திருந்தாராம். ஆனால் அதைக் கேட்டு உருகும் நிலைமையில் நான் இல்லை. பாவாயி அக்காவும் இல்லை. எழுந்தாள். சீமாற்றை எடுத்தாள்.

"ஒன்றரை மணி நேரம் என்ற வயித்துல நெருப்பக் கட்டி வெச்சயே, பாவி மனுசா!"

இரண்டு அடி. மோசம் அண்ணன் அசையவில்லை. சீமாறு கீழே விழுந்தது. அக்கா அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொருக்காச் சொல்லுங்கண்ணா."

"நல்லா இருக்கான் தாயி."

"இன்னொருக்கா."

அன்றைக்குச் சாயங்காலம் நான் விடவில்லை. "ஏனுங்கண்ணா, ஒரு போன் பண்ணியிருந்தா என்ன? அந்தம்மா உசுருல்ல துடிச்சுது?"

"தப்புத்தான் சாமி. ஆபீஸ்ப் பையன் போனக் கையில குடுத்தான். காதுக்கிட்டக் கொண்டுபோனேன். என்ற பொழப்புக்கே மொத நல்ல சேதி. அதையும் இந்த டப்பா கொண்டுபோகுதேன்னு மனசு கேக்கல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆனாத் தப்புத்தான்" என்றார்.

போன மாதம் குமரேசன் பெண்டாட்டிக்குப் பரமத்தி வேலூரில், தாய் வீட்டில் பிரசவம். குமரேசன் வம்படியாக மோசம் அண்ணனைக் கூடவே கூட்டிப் போயிருந்தான். காலை பத்து மணிக்கெல்லாம் குழந்தையின் போட்டோ தெரு முழுக்கப் போனில் வந்துவிட்டது. பெண் குழந்தை. மூக்கு அப்படியே பாவாயி அக்கா மூக்கு.

அக்கா வீடு வீடாக வந்தாள். "எல்லாரும் போன மூடி வைங்க. அந்தண்ணன் பஸ் ஏறியாச்சு. தெரிஞ்ச மாதிரி எவனாச்சும் காட்டிக்கிட்டீங்க, சீமாறு பிஞ்சு போயிரும்."

பஸ் வரும் நேரத்துக்கு அக்கா வீட்டு வாசலில் ஒன்றும் தெரியாதவர்களாகக் கூடி நின்றோம். அக்காவுக்கு நடிப்பு சுத்தமாக வரவில்லை, வாயெல்லாம் பல். முக்கில் மோசம் அண்ணன் வந்து நின்றார். முட்டி வலி, நடையே கஷ்டம். குனிந்து வலது கால் செருப்பைக் கழற்றி, மிதிபடாத ஓரமாகப் பார்த்து வைத்தார். துண்டை முழங்கைக்கு இறக்கினார். ஓடி வந்தார்.

நிலைப்படியைப் பிடித்தார். நான் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "ஐயையோ, என்னங்கண்ணா ஆச்சு?" என்றேன்.

ஒரு மூச்சு எடுத்தார். அதே நேரம் பார்த்து என் சட்டைப் பையில் போன் அதிர ஆரம்பித்தது. வைத்த கையை எடுக்காமல் அதை நெஞ்சோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். மீதி இரண்டு மூச்சையும் அவர் நிதானமாகவே எடுக்கட்டும்.