பதிவு பெறாத கண்கள்

மாணவர்கள் பொய்ச் செய்தியை நம்பிக் கெட்டுப்போகாமல் காப்பது அரசின் தலையாய கடமை என்பதால், கல்வி அலுவலகம் 'செய்தி மதிப்பீடு' என்றொரு பாடத்தை வைத்தது. அதில் தோற்றால் மேல்வகுப்பு கிடையாது. வழிகாட்ட ஒரு பட்டியலும் வந்தது: அலுவலக அறிக்கைக்குப் பத்து மதிப்பெண், அதை அச்சிட்ட பத்திரிகைக்கு ஒன்பது, அந்தப் பத்திரிகையைப் படித்தவருக்கு எட்டு.

தேர்வில் கொடுத்த பத்திரிகைச் செய்தி: 'பெண்கள் பள்ளியில் புதிய கழிப்பறை திறப்பு. மாணவிகள் மகிழ்ச்சி.'

வகுப்பில் முப்பத்தொன்பது பேர் 'உண்மை' என்று எழுதினார்கள். தையல்காரர் மகள் மட்டும் 'பொய்' என்று எழுதி, 'ஆதாரம்: நான் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறேன்' என்று சேர்த்திருந்தாள்.

விசாரணைக்குக் கல்வி அதிகாரியே வந்தார். முதல் நடவடிக்கையாக மூன்று தம்ளர் டீ குடித்தார்.

"யாரும்மா உனக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லலை சார். பார்த்தேன்."

"எதுல பார்த்தே?"

"கண்ணுல."

அதிகாரி பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தார். "கண்ணு இதுல இல்லையே!"

"முகத்துல இருக்கு சார்."

தலைமையாசிரியைக்கு வியர்த்தது. "வாயை மூடுடி!"

'பதிவு பெறாத ஆதாரம்' என்று அதிகாரி குறித்துக்கொண்டார். "கண்ணுக்கு அங்கீகாரம் வேணும்னா டாக்டர் சான்றிதழ், ரெண்டு போட்டோ, ஒரு விண்ணப்பம். மூணு மாசத்துல பரிசீலிப்போம். அதுவரைக்கும் நீ பார்த்தது எதுவும் செல்லாது."

இதற்குள் டீ தன் கடமையைத் தொடங்கியிருந்தது. அதிகாரி நெளிந்தார். கால்மேல் கால் போட்டார், எடுத்தார். "பாத்ரூம் எங்கேம்மா?"

"பேப்பர்ல மூணாம் பக்கம் சார்."

அவர் எதிர்வீட்டுக்கு ஓடிய வேகம், அத்துறையில் எந்தக் கோப்புக்கும் வாய்த்ததில்லை. திரும்பியபோது முகத்தில் ஞானிகளின் அமைதி.

"இப்போ உங்களுக்கே தெரிஞ்சுதா சார்?"

"நல்லாவே தெரிஞ்சுது. ஆனா என் கண்ணும் பட்டியல்ல இல்லையேம்மா!"

தலைமையாசிரியை பேனாவை நீட்டினார். "தங்கம், ஒரே ஒரு வார்த்தை. மாத்திட்டுப் பாஸாகிப் போயேன்."

"மாத்திட்டா, நாளைக்கு நாங்க எங்கே டீச்சர் போறது?"

அவள் பேனாவை வாங்கவில்லை.

மறுநாள் பத்திரிகையில் வந்தது: 'பள்ளிக் கழிப்பறையை அதிகாரி நேரில் ஆய்வு செய்து நிறைவு தெரிவித்தார். செய்தி மதிப்பீட்டுத் தேர்வில் முப்பத்தொன்பது மாணவிகள் தேர்ச்சி. ஒருவருக்கு மட்டும் உண்மை எது, பொய் எது என்று தெரியவில்லை.'

அநீதியைக் கண்டால் கொதித்துக் கொடி பிடிக்கும் நாமும் டீக்கடையில் நின்று அதைப் படித்தோம். "யாரோ மக்குப் பொண்ணு, பாவம்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினோம்.