போத்தல் அண்ணை தேடிய வேளா

கடலைப் போத்தலில் அடைத்து விசாரித்த மனிதர் ஊர்காவற்றுறையில் ஒருவர்தான் இருந்தார். ஊர் அவரைப் போத்தல் அண்ணை என்றது. வெளியூர்க்காரர் பெயரைக் கேட்டதும் குடிகாரர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். மனிதர் சோடாகூடத் தொடமாட்டார்.

மீன் போன தண்ணீரில் அதன் சளியும் செதிலும் மிச்சமிருக்கும். அந்த டி.என்.ஏ.யை வைத்து, மீனைக் காணாமலே பெயர் சொல்லிவிடலாம். அதுதான் அவர் வேலை. படகோட்டியது நான். நெடுந்தீவுக் கடலில் எடுத்த தண்ணீர் கொழும்புக்குப் போகும், மீன்களின் பட்டியல் திரும்பி வரும். வருடத்துக்கு வருடம் பட்டியல் குட்டையாகிக்கொண்டே போனது. இழுவைப்படகுகள் அடியோடு வாரிய கடல் அல்லவா!

தண்ணீர் எடுக்க மூன்று நாள் முன்பே எனக்கு மீன் விலக்கு. கையில் ஒட்டிய மீன் போத்தலுக்குள் போய்விடுமாம். தீவுக்காரன் வீட்டில் மூன்று நாளும் கத்தரிக்காய்!

"உந்த மனிசன் உங்களை ஐயராக்கிப்போட்டுத்தான் விடுவார்" என்றாள் மனைவி.

ஒருநாள் இறங்குதுறையில் அண்ணை என் கையை மூக்கருகே பிடித்து மணந்து பார்த்தார்.

"நேற்று ஓரா மீன் திண்டனீர்."

"ஒரு துண்டுதான் அண்ணை."

"இறங்கும் காணும்."

என் படகிலிருந்து என்னையே இறக்கினார். பிறகு ஓட்ட ஆளில்லாமல், கட்டிய படகிலேயே மத்தியானம் வரை குந்தியிருந்தார்.

அவர் தேடியது வேளாவை, மூக்கில் ரம்பம் போல வாள் உள்ள, சுறா மாதிரியான மீனை. சின்ன வயதில் தகப்பனின் வலையில் கண்டதுதான் கடைசி. "ஒண்டாவது மிஞ்சியிருக்கும்" என்பார். நாங்கள் தண்ணீர் எடுத்த ஏழு வருடமும் பட்டியலில் வேளா இல்லை.

பிறகு ஈரலில் புற்றுநோய் வந்தது. "போத்தல்தான் காரணம்" என்றது ஊர்.

கடைசித் தடவையாக அவரைக் கடலுக்குக் கூட்டிப்போனேன். அவர் சந்தோஷமாகப் போகவேண்டும் என்று எனக்கு ஆசை. எங்கள் அலுமாரிக்கு மேல் கிடந்த பழைய வேளா வாளைச் சாரத்தில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். திரும்பும்போது அவர் கண்ணயர்ந்தார். அதுவரை அவர் என்னைத் தொடவிடாத போத்தல்களைத் திறந்து, ஆறிலும் ஒன்று விடாமல் வாள் நுனியை முக்கினேன்.

பட்டியலில் வேளா வந்தது! ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் வாசித்துக் காட்டினேன்.

"ஆறிலையுமோ?" என்றார்.

"ஆறிலையும் அண்ணை!"

"ஆறாவது, நான் வீட்டிலையிருந்து கொண்டு வந்த சுத்தத் தண்ணி. பிழை பிடிக்கத்தான் வைக்கிறனான். அதுக்குள்ளை வேளா எப்பிடிக் காணும் வந்தது?"

அவர் என் கையை இழுத்து மணந்து பார்த்தார்.

"மீன் தின்னேல்லை" என்றார். "வேளாவை வெட்டிவிடும்."

பட்டியலில் வேளாவைக் கோடு கீறி வெட்டினேன். மூன்றாம் நாள் அவர் போய்விட்டார்.

இப்போது வேறு ஆட்கள் தண்ணீர் எடுக்க வருகிறார்கள். வேளா இன்னும் இல்லை. என் கையை யாரும் மணந்து பார்ப்பதுமில்லை. ஆனாலும் மூன்று நாள் முன்பே மீனை விட்டுவிடுகிறேன்.