தேயிலை இல்லாத தேத்தண்ணி

அரசாங்கம் ஒரு காரியத்தைச் செய்வதென்று முடிவெடுத்தால் முதலில் பெயர்ப்பலகை எழுதும். காரியம் பிறகு வரும், வராமலும் போகும். இந்த நியதிக்கு அமைய, தொண்ணூற்று நான்காம் ஆண்டு பிறந்ததும் மாத்தளை நகரில் ஓர் இரும்புக் கடையின் மேல்மாடியில் மும்மொழிப் பலகையொன்று ஏறியது. தமிழில் அது 'நறுமணமூட்டிய மற்றும் மூலிகைத் தேநீர் மேம்பாட்டுப் பிரிவு' என்று இருந்திருக்க வேண்டும். எழுதியவர் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டதில் 'நறுமணமூடிய' என்று ஆகிவிட்டது. திருத்தித் தரும்படி கேட்டதற்கு, நிதி ஒதுக்கப்பட்டது பலகைக்கே தவிர எழுத்துக்கு அல்ல என்று கொழும்பிலிருந்து பதில் வந்தது. தமிழ் வாசிக்கிறவர்கள் அதையும் பழகிக்கொண்டார்கள். அவர்கள் பழகிய பலகைகள் ஒன்றிரண்டா?

பிரிவின் பணிப்பாளர் திருவாளர் ராஜநாயகம், கொழும்புக்காரர். அரசாங்கச் செலவில் மூன்று கிழமை ஐரோப்பாவில் இருந்துவிட்டு வந்தவர். போகுமுன் எல்லோரையும் போல டம்ளரில் ஆற்றிக் குடித்தவர்தான். திரும்பி வந்த பிறகு, தேநீர் குடிப்பதற்கான பொருளே அல்ல என்ற முடிவுக்கு வந்திருந்தார்.

"அங்கே யாரும் தேநீர் குடிப்பதில்லை," என்று முதலாவது கூட்டத்தில் அறிவித்தார். "ஒரு மிடறு எடுத்து, கண்ணை மூடி, தமது சொந்த மனப்பதிவைச் சொல்கிறார்கள். ஸ்ட்ரோபெரித் தேநீர், வனிலாத் தேநீர், பெலிமல் என்கிற வில்வப்பூ, இரமுசு என்கிற நன்னாரி. வெள்ளைக்காரன் வாங்குவது இலையை அல்ல. மனப்பதிவை."

ஆகவே பிரிவுக்கு உடனடியாக ஒரு சுவைஞர் தேவைப்பட்டார். சுவைஞருக்கான தகைமைகளையும் பணிப்பாளர் ஐரோப்பாவிலிருந்தே கொண்டுவந்திருந்தார். புகைக்கக் கூடாது, சாராயம் ஆகாது, வெற்றிலை கூடவே கூடாது, மூக்கு திறந்திருக்க வேண்டும். சாரதி ஒஸ்வல்ட்டின் வாய் வெற்றிலை இல்லாமல் மூடியதே கிடையாது. தட்டெழுத்தாளர் மார்ஜரிக்குப் பிறவியிலிருந்தே பீனிசம். தலைமை இலிகிதர் ஸஹாப்தீன் சகல தகைமைகளும் உள்ளவர், ஆனால் அது நோன்பு மாதம். பணிப்பாளர் தானே சுவைத்தால் அது பக்கச்சார்பாகிவிடும் என்று தானே தீர்ப்பளித்துக்கொண்டார். மிஞ்சியது களஞ்சியக் காப்பாளர் நோபர்ட்.

நோபர்ட் ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி குடிப்பான் என்பது அவனுக்கே தெரியாது. சாயம் கூட்டி, சீனி அள்ளிப் போட்டு, பால்மா கரைத்து, வாய் சுடச்சுடக் குடிக்கிற ஜாதி. அப்படிப்பட்டவன்தான் அந்த வருஷம் விபூதிப் புதனன்று, தபசுகாலம் முடிந்து பாஸ்கு வரும்வரை தேத்தண்ணியைத் தொடுவதில்லை என்று வஹகோட்டை அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்திருந்தான். காரணம் வில்கமுவ.

மேலதிக ஆட்களை மாவட்டத்தின் கடைக்கோடியிலுள்ள வில்கமுவவுக்கு மாற்றப்போகிறார்கள் என்று கந்தோரில் ஒரு கதை அடிபட்டது. அங்கே பஸ் தனக்கு மனம் வந்தால் வரும். அதுகூடப் பரவாயில்லை. யுத்த காலம், வழி நெடுகச் சோதனைச்சாவடிகள். அடையாள அட்டையில் நோபர்ட் என்ற பெயரைப் பார்த்து ஆமிக்காரன் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுக்கப் போவான். அடுத்த வரியில் தகப்பன் பெயர் முத்தையா என்று இருக்கும். சிரிப்பு அங்கே நின்றுவிடும், நோபர்ட் இறங்கிவிட வேண்டும், பஸ் போய்விடும். மாத்தளையில் மனைவி தெரேசா படிப்பிக்கிறாள், பிள்ளைகள் இரண்டும் படிக்கின்றன. அவர்களைப் பார்க்க ஒவ்வொரு முறையும் அந்தச் சாவடிகளைத் தாண்டித்தான் வர வேண்டும். நோபர்ட்டுக்குப் பயம்தான். அதை அவன் மறைக்கவுமில்லை.

"சேர், நான் தேத்தண்ணி குடிக்க ஏலாதுங்க. நேர்த்தி வச்சிருக்கேன்," என்றான்.

"குடிக்காவிட்டால் நீ இங்கே மேலதிக ஆள். மேலதிக ஆட்கள் எங்கே போவார்கள் என்று தெரியுமல்லவா?" என்றார் பணிப்பாளர்.

குடித்தால் அந்தோனியார் வில்கமுவவுக்கு அனுப்புவார். குடிக்காவிட்டால் ராஜநாயகம் அனுப்புவார். இரண்டு மேலதிகாரிகளுக்கு நடுவில் ஓர் அரசாங்க ஊழியன் அகப்பட்டது இது முதல் தடவை அல்ல. ஆனால் அவர்களில் ஒருவர் பரலோகத்தில் இருப்பது கொஞ்சம் புதிது.

பணிப்பாளர் யோசித்தார். நிர்வாகச் சேவைப் பரீட்சையில் சித்தியடைந்தவரல்லவா?

"நீ நேர்த்தி வைத்தது தேநீருக்கு. பெலிமல்லில் தேயிலை இருக்கிறதா?"

"இல்லீங்க."

"இரமுசில்?"

"இல்லீங்க."

"அப்படியானால் அது தேநீர் அல்ல. குடிக்கலாம்."

தொண்டை காய்ந்த நிலையிலும் ஸஹாப்தீனால் சும்மா இருக்க முடியவில்லை. "அப்ப வெளிய போர்டுல தேநீர்னு எழுதி ஈக்குதே சேர்."

"அது நிர்வாக ரீதியான தேநீர்," என்றார் பணிப்பாளர். "சமய ரீதியில் அது தேநீர் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது."

ஸ்ட்ரோபெரியிலும் வனிலாவிலும் மெய்யான தேயிலை இருப்பதால், அவற்றை நோபர்ட் முகர்ந்தால் போதும் என்று சலுகை வழங்கப்பட்டது. மூக்குக்கு நேர்த்தி இல்லை.

நோபர்ட் எதற்கும் இருக்கட்டும் என்று பங்குச் சாமியாரிடமும் போய்க் கேட்டான். சாமியார் தாடியைத் தடவிக்கொண்டார். "இதைப் பத்தித் திருச்சபை ஒண்ணும் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா ஒண்ணு. குடிக்க நல்லா இருந்தா அது நேர்த்தியை முறிச்ச மாதிரி. நல்லா இல்லாட்டி அதுவே ஒரு தபசு."

ஆன்மாவைக் காப்பாற்ற வேண்டுமானால் அது வாயில் வைக்க முடியாததாக இருக்க வேண்டும். உத்தியோகத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் அதைப் புகழ வேண்டும். நோபர்ட் நல்ல மனிதன், பொய் சொல்லத் தெரியாது. ஆகவே உண்மையைச் சொன்னான். மிச்சத்தைப் பணிப்பாளர் பார்த்துக்கொண்டார்.

முதல் நாள் பெலிமல். நோபர்ட் ஒரு மிடறு எடுத்துக் கண்ணை மூடினான்.

"என்ன தோன்றுகிறது?"

"ஆஸ்பத்திரி வார்டுங்க சேர். காய்ச்சல் விட்டு எழும்பி உக்காந்த மாதிரி."

பணிப்பாளர் மார்ஜரியின் பக்கம் திரும்பினார். "எழுதுங்கள் மிஸ். ஆரோக்கியம் மீளும் கணத்தின் பேரமைதி."

மார்ஜரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே தட்டினாள்.

"இரமுசு?"

"பழைய அலுமாரியைத் திறந்தா வருமே, அது."

"பாரம்பரியத்தின் கதவுகள் திறக்கின்றன."

ஸ்ட்ரோபெரியை முகர்ந்துவிட்டு நோபர்ட் முதல் தடவையாகச் சிரித்தான். "இது புள்ளைங்களோட வாசனை ரப்பர் சேர். என் சின்ன மக அதைக் கடிச்சுத் திண்டுட்டா."

"இளமைக் கல்வியின் இனிய சுவடு."

ஆவாரம்பூ மட்டும் பணிப்பாளரையே சற்றுத் தடுமாற வைத்தது. நோபர்ட் அதைக் குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தான். பிறகு, "கலியாணம் கட்டின புதுசுல மாமியார் வீட்டுல குடுத்ததைக் குடிச்சிட்டு, நல்லாருக்குன்னு சொன்னேன் பாருங்க, அந்த மாதிரி இருக்கு," என்றான். பணிப்பாளர் எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்து, "குடும்ப உறவுகளை வலுப்படுத்தும்," என்று சொல்லி முடித்தார்.

மனப்பதிவுகள் கொழும்புக்குப் போயின. அங்கே அவற்றைப் படித்தவர்கள் மெய்சிலிர்த்தார்கள். கொழும்பில் ஒன்று மெய்சிலிர்க்கப்பட்டால் அது உடனே நாகரிகமாகிவிடும். மாத்தளையிலும் பெரிய வீடுகளில் பால் தேத்தண்ணி கொடுப்பது பட்டிக்காட்டுத்தனம் என்று ஆயிற்று. காய்ச்சலில் கிடக்கும் வருத்தக்காரருக்குக் கொடுக்கிற பெலிமல்லைப் பீங்கான் கோப்பையில் ஊற்றி விருந்தாளியிடம் நீட்டினார்கள். விருந்தாளி பதறிப்போய் வீட்டில் யாருக்கு என்ன வருத்தம் என்று விசாரித்தார். வருத்தம் யாருக்குமில்லை, இது மனப்பதிவு என்று விளக்கினார்கள். விருந்தாளிகள் மறுமுறை வரும்போது கையில் ஆரஞ்சுப்பழத்தோடு வந்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை அமைச்சின் மேலதிகச் செயலாளர் நேரிலே வந்தார். மாடிப்படியில் கம்பளம் விரித்து, குத்துவிளக்கு ஏற்றி, அவரை இருத்தினார்கள். நோபர்ட் கழுத்துப்பட்டி கட்டியிருந்தான். பணிப்பாளர் புதிதாகத் தயாரித்த கலவையைத் தன் கையாலேயே நீட்டினார். கறுவா, இஞ்சி, இனிப்புக்குக் கொஞ்சம் கித்துல் பாணி.

நோபர்ட் வழக்கம்போல ஒரு மிடறு எடுத்தான். கண்ணை மூடினான். உடனே திறந்தான். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனான்.

"எனக்கு வேணாம் சேர்," என்றான்.

"ஏன், சரியில்லையா?" என்று மேலதிகச் செயலாளர் சிங்களத்தில் கேட்டார்.

"நல்லா இருக்குங்க," என்று நோபர்ட்டும் சிங்களத்தில் சொன்னான். "அதனாலதான் வேணாம்."

பணிப்பாளர் தமிழில் பல்லைக் கடித்தார், சிங்களத்தில் சிரித்தார். நோபர்ட் நேர்த்தியைப் பற்றிச் சொல்லத் தொடங்க, செயலாளரின் புருவம் உயர்ந்தது. ஒரு தேநீர்ப் பிரிவின் சுவைஞன் தேநீரைத் துறந்தவன் என்பது அவருக்குப் புதினமாக இருந்தது. விஷயம் கைமீறிப் போவதைக் கண்ட பணிப்பாளர் இடையில் பாய்ந்தார்.

"சேர், ஒன்றுக்கும் கவலைப்பட வேண்டாம். இதில் தேயிலை ஒரு துளியும் இல்லை. இது தேநீரே அல்ல."

"தேநீர் இல்லையா?"

"சத்தியமாக இல்லை சேர். வெறும் மூலிகை."

"மூலிகை எங்கே கிடைக்கிறது?"

"வில்கமுவப் பக்கக் காடுகளில்தான் சேர். லொறியில் வருகிறது."

"அப்படியா?" என்றார் மேலதிகச் செயலாளர். அந்தக் கோப்பையை எடுத்து, மனப்பதிவு எதுவும் சொல்லாமல் அடிவரை குடித்தார். இன்னொன்று கேட்டு வாங்கி அதையும் குடித்தார். விடைபெறும்போது பணிப்பாளரின் தோளில் தட்டிக்கொடுத்தார். அரசாங்கத்தில் தோளில் தட்டுவது நல்ல சகுனமல்ல என்பதை ஐரோப்பாவில் யாரும் ராஜநாயகத்துக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு சுற்றுநிருபம் வந்தது. பணிப்பாளர் எல்லோரையும் கூட்டி வைத்து வாசித்தார். பாதியில் அவர் கடதாசியை மேசையில் வைத்துவிட, மிச்சத்தை ஸஹாப்தீன் எடுத்து வாசித்தார். பிரிவின் உற்பத்திகள் தேநீர் அல்ல என்று பணிப்பாளரே உறுதிப்படுத்தியுள்ளமையால், அது நகரில் இயங்கவேண்டிய அவசியம் இல்லை. மூலிகை விளையும் பிரதேசமான வில்கமுவவுக்கு அலுவலகம் நகர்த்தப்படுகிறது. உத்தியோகத்தர் எவருக்கும் இடமாற்றம் வழங்கப்படவில்லை. அலுவலகமே இடம் மாறுகிறது. ஆதலால் இடமாற்றப் படியோ மேன்முறையீடோ ஏற்றுக்கொள்ளப்பட மாட்டாது. பெயர்ப்பலகையைக் கவனமாகக் கழற்றி எடுத்துச் செல்லவும்.

"அப்ப நானுமா?" என்று பணிப்பாளர் யாரிடம் என்றில்லாமல் கேட்டார்.

"நீங்க மாறல்ல சேர்," என்றார் ஸஹாப்தீன். "கந்தோர்தான் மாறுது. நிர்வாக ரீதியா நீங்க இங்கதான் ஈக்கிறீங்க."

நோபர்ட் அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் உட்கார்ந்தான். பிள்ளைகள் முன்னால் அழக்கூடாது என்று பார்த்தான், முடியவில்லை. தெரேசா அவனைப் பேச விட்டாள். எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு அவளும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தோனியார் கைவிட்டுட்டாரு," என்றான் நோபர்ட். "இனி எதுக்கு நேர்த்தி? ஒரு தேத்தண்ணி போடு தெரேசா. நல்லா சாயம் கூட்டிப் போடு."

அவள் கேத்தலை அடுப்பில் வைத்தாள். தேயிலையை வடியில் போட்டாள். பள்ளிக்கூடத்தில் கணக்குத் தப்பாகச் செய்த பிள்ளையைப் பார்க்கிற பார்வையோடு அவன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க அவருகிட்ட என்னன்னு கேட்டீங்க? கேட்டதை அப்பிடியே சொல்லுங்க."

"எனக்கு வில்கமுவவுக்கு இடமாத்தம் வரக்கூடாதுன்னு."

"வந்திச்சா?"

நோபர்ட்டுக்குச் சுற்றுநிருபம் ஞாபகத்துக்கு வந்தது. "இடமாத்தம் வரல," என்றான். "கந்தோர்தான் மாறுது."

"அவரு சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாரு," என்றாள் தெரேசா. "பாஸ்கு வரைக்கும் நீங்களும் காப்பாத்தத்தான் வேணும்."

தண்ணீர் கொதித்தது. அவள் தேத்தண்ணியை வடித்து, சீனி போட்டு, பால்மா கரைத்து, அவனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மெதுவாகக் குடிக்கத் தொடங்கினாள்.