வானவில் குட்டிக்கு ஓர் அம்மா

இதுவரை உலகம் முதலில் கதையை எழுதிவிட்டு, அப்புறம் பொம்மை செய்துகொண்டிருந்தது. என்ன அறியாமை! அந்த இருளை நீக்கிய பெருமை எங்கள் பொம்மை நிறுவனத்துக்கே உரியது. முதலில் பொம்மை. அது கோடவுனில் அடுக்கப்பட்ட பிறகே கதை. அந்தக் கதையை எழுதும் பாக்கியம் அடியேனுக்கு வாய்த்தது.

கார்ட்டூன் படத்தின் பெயர் 'வானவில் குட்டி'. இறக்கை முளைத்த குதிரைக்குட்டி ஒன்று மேக ராஜ்ஜியமெங்கும் தன் அம்மாவைத் தேடி அலைகிறது. கடைசியில், கொட்டுகிற மழையில், அம்மாவின் இறக்கைக்கு அடியில் ஒண்டிக்கொள்கிறது. அந்த ஒரு காட்சிக்காகத்தான் டைரக்டரம்மா கைவசம் இருந்த வேறு படத்தை உதறிவிட்டு வந்திருந்தார். அதை வரைந்து சுவரில் ஒட்டி, தானே பார்த்துத் தானே மூக்கை உறிஞ்சுவார்.

'கதை ஒப்புதல் கூட்டம்' கூடியது. விற்பனை மேலாளர் மழைக் காட்சியை உற்றுப் பார்த்தார்.

"யாரும்மா இது, பெரிய குதிரை?"

"குட்டியோட அம்மா சார்."

"நம்மகிட்ட அம்மா ஸ்டாக் இல்லையே."

"ஸ்டாக்ல இல்லேன்னா என்ன சார்? கதையில இருக்கா."

"படம் பாத்துட்டுப் பிள்ளைங்க கடைக்கு வந்து அம்மா கேக்கும். இல்லேன்னா அழும். பச்சப் புள்ளைங்கள அழவைக்கலாமா? உங்களுக்கு மனசாட்சி இல்ல?"

எத்தனை ஈரமான நெஞ்சம்! நான் குறிப்பெடுத்துக்கொண்டேன்.

"அப்ப புதுசா ஒரு அம்மா செய்யுங்க" என்றார் டைரக்டரம்மா.

"புது அச்சு வர்றதுக்குள்ள படம் தியேட்டரை விட்டே ஓடிடும்."

"அம்மா இல்லேன்னா நானும் இல்ல சார்!" டைரக்டரம்மா பையைத் தோளில் மாட்டிவிட்டார்.

மேலாளர் கண்ணை மூடித் தவம் செய்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ரைட்டர், விக்காம கெடக்கறது எது?"

"கோரைப்பல் அரக்கி சார். பயந்துகிட்டு ஒரு குழந்தையும் தொடல. கோடவுன் கதவைத் திறந்தா நம்ம மேல விழுது."

"இறக்கை இருக்கா அதுக்கு?"

"இருக்கு சார். பல்லும் இருக்கு."

"ரோஸ் பெயின்ட் அடி. அம்மா ரெடி!"

டைரக்டரம்மா பொத்தென்று உட்கார்ந்தார். "சார், முதல் பாதி பூரா அவதான் குட்டியைக் கடிக்கத் துரத்தறா!"

"குளிப்பாட்டத் துரத்தறான்னு மாத்து. எந்த அம்மாதான் துரத்தல?"

"அந்தப் பல்லு?"

"சிரிக்கறாம்மா! தாய்ப் பாசம்!"

படம் வெளியானது. மழைக் காட்சியில் ரோஸ் அரக்கி வாயெல்லாம் பல்லாக இறக்கையை விரித்தாள். "போகாத குட்டி! ஓடிடு!" என்று தியேட்டரே அலறியது. குட்டி நேரே அவளிடமே போயிற்று. நனையாத கண்ணே இல்லை.

"பாத்தியாம்மா? நீ கேட்ட அழுகை!" என்றார் மேலாளர்.

மறுநாள் கடைகளில் அடிதடி. குட்டி தனியாகக் கிடைக்காது; அம்மாவும் குட்டியும் ஒரே பெட்டி. குழந்தைகள் பெட்டியை வாங்கினார்கள், வாசலிலேயே பிரித்தார்கள், குட்டியை 'மீட்டு' மார்போடு அணைத்துக்கொண்டார்கள். குப்பைத் தொட்டி நிரம்பி வழிந்தது. டைரக்டரம்மா அதன் பக்கத்தில் நின்று, ஓர் அம்மாவை எடுத்து முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஊரிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் பெற்றவளைக் குப்பையில் வீசப் பயிற்சி அளித்த எங்கள் படத்துக்கு, இவ்வாண்டின் 'சிறந்த குடும்பச் சித்திரம்' விருது கிடைத்திருக்கிறது.